மினுக்கை நிறுத்தியவள்

எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து அவள் பேசி நான் கண்டதில்லை. வாயைத்தான் பார்ப்பாள். பல் எப்படி இருக்கிறது, உதட்டோரம் வெடித்திருக்கிறதா, நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா. ஒரு சம்பள நாளில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவளை எதற்கோ அதட்டிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றவள், "ஐயாவுக்கு ஈறு வீங்கியிருக்கு, உப்புத்தண்ணி கொப்பளிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பெரிய கிராணி அன்று முழுக்கக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரிந்தார்.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையின் ஆயா அவள். விடியுமுன் பால் எடுக்க மரம் வெட்டப் போகிற பெண்கள் தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகள், தவழ்கிறவை, பள்ளிக்கூடத்துக்கு வயதாகாதவை. எல்லோருக்கும் அவள் ஆயா. எனக்கு அக்கா. நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை, எந்நேரமும் ஈரமாக இருக்கும் கைகள். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நடந்து வந்தால் யாரையோ கேள்வி கேட்கப் போகிறாள் என்றுதான் தோன்றும்.

வாய்க்குள் போகிற எதைப் பற்றியும் அவள் பொய் சொல்லமாட்டாள். மற்ற விஷயங்களில் எப்படியோ. வயதைக் குறைத்துச் சொல்வாள், புருஷன் ஓடிப்போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வாள். சாப்பாடு என்று வந்துவிட்டால் நாக்கு நேராகிவிடும். டிரஸ்ஸர் ஐயா காய்ச்சல் மருந்தை "இனிப்பு, இனிப்பு" என்று கொஞ்சிக் கொடுப்பார். பிள்ளை நம்பி வாயைத் திறக்கும். ஒரே ஒரு முறைதான் திறக்கும். இவளோ பிள்ளையை மடியில் இருத்தி, "கசக்கும். ரொம்பக் கசக்கும். துப்பினா மறுபடியும் குடுப்பேன், மறுபடியும் கசக்கும்" என்பாள். பிள்ளை யோசித்துவிட்டு விழுங்கும். நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன முகங்களில் ஓடுகிற கணக்கை, அந்தத் துணிச்சலை.

கல்யாண வீட்டில் பாயசம் எப்படி என்று இவளைப் போய்க் கேட்ட சமையல்காரர்கள் உண்டு. "அடிப்பிடிச்சிருக்கு" என்பாள். பெண் வீட்டார் முறைப்பார்கள். இவள் அடுத்த கரண்டியைக் குடித்துக்கொண்டிருப்பாள். "அடிப்பிடிச்சதுன்னா கொட்டவா முடியும்?"

வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் அது. ஜெராய் மலையடிவாரத்துக் காடு எங்கள் கடைசி மர நிரையிலிருந்தே தொடங்கிவிடும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளைச் சண்டையில் பிடிக்க முடியாமல், பட்டினி போட்டுப் பிடிக்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. சிதறிக்கிடந்த குடியிருப்பு லயங்களைப் பெயர்த்து ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்வேலி கட்டினார்கள். ஒரு கேட்டு, ஒரு தடிக்கம்பு, ஒரு காவல் கூண்டு. காலையில் வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். அரிசி வெளியே போகக்கூடாது. டின் போகக்கூடாது, போனால் சீக்கிரம் கெடும்படி ஓட்டை போட்டுத்தான் போகவேண்டும். மடியில் ஒரு பிடி அவல் இருந்ததற்கு ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. நான் அப்போது சின்னக் கிராணி. கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் மலாய் தெரியும் என்பதால் விடியற்காலையில் கேட்டில் நிற்கிற வேலை எனக்கு. மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர் கேட்பதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் சொல்வதை மாத்தாவுக்கும் சொல்ல வேண்டும். இரண்டு பயங்களுக்கு நடுவே கிடக்கிற கயிறு மாதிரி இருந்தேன்.

லயங்கள் வேலிக்குள் வந்துவிட்டன. பிள்ளைக் கொட்டகை மட்டும் ரப்பர்ப்பால் ஸ்டோருக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகளின் சாப்பாடு தினமும் கேட்டைத் தாண்டியாக வேண்டும். துரை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பினாங்கிலிருந்து பெட்டி பெட்டியாக ஒன்றை வரவழைத்தார். சோளத்தை நசுக்கி, சுட்டு, சீனிப் பாகில் முக்கி எடுத்த செதில். பெட்டியில் சிரிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளையின் படம். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். ஓட்டை போட்ட டின்பாலைத் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றினால் போதும். போலீசுக்கும் சம்மதம். பெட்டியைக் கேட்டிலேயே பிரித்துவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் மறுநாளே நமுத்துப்போகும். காட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியாது.

வெயிலில் பிடித்தால் அந்தச் சீனி மின்னும். பிள்ளைகள் அதற்கு மினுக்கு என்று பெயர் வைத்தார்கள்.

தாய்மாருக்கு எவ்வளவு சந்தோஷம். துரை வீட்டுப் பிள்ளை தின்பதைத் தன் பிள்ளையும் தின்கிறது. அழுகிற பிள்ளையும் மினுக்கு என்றால் ஆயாவிடம் ஓடியது. ஆனால் ஆயா வாயைப் பார்க்கிறவள் ஆயிற்றே. வருஷம் திரும்புவதற்குள் முன்பல்லெல்லாம் கறுத்துக் குச்சியாகிக்கொண்டு வந்ததை அவள்தான் முதலில் கண்டாள். காலையில் குதிக்கிற பிள்ளை பொழுது ஏறுவதற்குள் சோர்ந்து சுருண்டு படுப்பதையும், தாய் திரும்புமுன் பசித்து அழுவதையும் கண்டாள். மரம் வெட்டுகிற அஞ்சலையின் மகன் ஒரு நாள் கன்னம் பூசணிக்காயாக வீங்கி வந்தான். டிரஸ்ஸர் பல்லைப் பிடுங்கினார். அவன் அலறல் பால் ஸ்டோர் வரைக்கும் கேட்டது.

அவள் செய்த முதல் காரியம், தானே மினுக்கைத் தின்ன ஆரம்பித்ததுதான். காலையில் வேறு எதையும் தொடவில்லை. ஒரு வாரம் போல ஓடியிருக்கும். என்னிடம் வந்தாள்.

"கிராணி தம்பி, தொரைகிட்ட சொல்லணும். இதைத் தின்னா வெயில் ஏறுறப்போ கை நடுங்குது. எனக்கே நடுங்குது. எனக்கு நிறுத்திக்கத் தெரியும், ஆனா அடுத்த வாய் அடுத்த வாய்ன்னு கை போகுது. நல்லா இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

துரை சிரித்தார். அரிசி கேட்காமல், மேல்செலவு வைக்காமல் எதையாவது செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் கேழ்வரகை முளைகட்டினாள். பச்சைப்பயறு, கச்சான் கடலை. கட்டுப்பாடு அரிசிக்குத்தான் கடுமை. இவற்றைப் பட்டணத்து பாய் கடையில் பாஸ் காட்டி வாங்க முடிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தாள். தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரரிடம் நெத்திலிக் கருவாடு வாங்கித் தலை கிள்ளிப் பொன்னிறமாகச் சுட்டு அதையும் சேர்த்தாள். "பல்லுக்கு முள்ளு வேணும்லா" என்றாள். உலக்கை விழுகிற சத்தமும் வறுபட்ட வாசனையும் சேர்ந்து லயம் முழுக்கப் பரவும். மாலை நேரத்தில் அந்த வாசனைக்குள் நடந்து போனால், வேலி இருப்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும். வறுத்த மாவைத் தகர டின்களில் அடைத்தாள். தினமும் ஒரு சின்ன டப்பா மாவோடு கேட்டைத் தாண்டினாள். குழந்தைத் தீனிதானே என்று மாத்தாக்கள் விட்டார்கள். கொட்டகையில் வெந்நீர் கொதித்தது, கஞ்சி ஆயிற்று.

பிள்ளைகள் குடிப்பதாக இல்லை. கொட்டகையே வாயைத் திறந்து அழுதது. தாய்மார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மினுக்கு தீர்ந்துபோச்சு, கப்பல் வரவில்லை என்று சொல்லிவிடு ஆயா, இரண்டு நாளில் மறந்துவிடும் என்றார்கள். எவ்வளவு சின்னப் பொய் அது. அவள் சொல்லவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, கேட்டில் பிரித்துக் கொண்டுவந்த பெட்டிகள் இருந்த அலமாரியைத் திறந்தே காட்டினாள்.

"மினுக்கு இருக்கு. இதோ இருக்கு. நான் தரமாட்டேன். இந்தக் கஞ்சி மினுக்கு மாதிரி இனிக்காது. உப்பா இருக்கும். நானும் இதைத்தான் குடிக்கிறேன்."

அன்றிலிருந்து தன் காப்பியிலும் சீனி போடுவதை நிறுத்திவிட்டாள். அஞ்சலை கோபத்தில் அவளிடம் பேசவே இல்லை. "கல்லு மனசுக்காரி, பிள்ளை கண்ணு முன்னாடி காட்டிக் காட்டி மறைக்கிறா" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொட்டகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த அழுகை என்னையும் பிடித்து உலுக்கும். ஒரு பொய்யால் நின்றுவிடக்கூடிய அழுகை. ஆனால் ஒரு காலை வந்தது. அழுகை இல்லை. உறிஞ்சுகிற சத்தம் மட்டும். மழை விட்டபின் இலைகளிலிருந்து சொட்டுவது மாதிரி, அங்கங்கே, ஒழுங்கில்லாமல், நாற்பது தம்ளர்கள்.

மாதங்கள் போயின. பிறகு லயத்தில் சோதனை வந்தது. புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரப் போலீஸ் லெப்டினன், முகம் வெயிலில் வெந்து சிவந்த இளைஞன், வீடு வீடாக நுழைந்தான். அவள் கட்டிலுக்கு அடியில் பெரிய தகர டின்கள் இரண்டு. மூடியைத் திறந்தால் மாவு. ஒரு வீட்டில் இவ்வளவு மாவு. என்னைக் கூப்பிட்டார்கள்.

இது என்ன என்று கேட்டான். பிள்ளைகளின் கஞ்சி மாவு என்றாள். சமைக்க வேண்டுமா என்றான். வறுத்ததுதான், வெந்நீர் போதும், ஆத்திர அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீரிலும் கரைக்கலாம் என்றாள். காட்டில் இருப்பவனுக்கு நெருப்பு மூட்டப் பயம், புகை காட்டிக்கொடுத்துவிடும். அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு பிடியாக, பெருமையோடு. கெட்டுப்போகாதா என்று கேட்டான் அவன்.

"கெடறதா? என் மாவா?" என்று இடுப்பில் கை வைத்தாள். "நல்லா வறுத்தது தம்பி. ஆறு மாசம் வண்டு அண்டாது. சொல்லு அவருகிட்ட."

நான் கொஞ்ச நாள் தாங்கும் என்றுதான் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதன் நீளம் போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட நின்ற மாத்தா ஹமிட் பக்கம் திரும்பி, கடைத்தெரு மலாயில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி, "ஏனாம் பூலான்" என்று ஆறு விரலைக் காட்டினாள். ஆறு மாதம். லெப்டினனுக்கும் அவ்வளவு மலாய் தெரியும்.

ஜீப்பில் ஏற்றும்போது அவள் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்: "அக்கா, கோழித் தீனின்னு சொல்லிடுங்க. நான் பேசிக்கிறேன்."

"பிள்ளைங்க குடிக்கிறதை நான் கோழித் தீனின்னு சொல்லமாட்டேன் தம்பி."

காட்டுக்கு உணவு கொடுத்தாள் என்று முடிவானால் எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. போனவர்களில் சிலர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள், தாத்தா விட்டுவந்த, தாங்கள் பார்த்தேயிராத ஊருக்கு. அவள் சுங்கை பட்டாணி போலீஸ் நிலையத்தில் இருந்த நாட்களில் கொட்டகைக்கு மினுக்குப் பெட்டிகள் திரும்பி வந்தன. அஞ்சலையே போய் ஆயா வேலையைப் பார்த்தாள். இரண்டாம் நாள் துரை பங்களாவின் வாசலில் பெண்கள் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் அஞ்சலை. மினுக்குக் கொடுத்தால் பிள்ளை மறுபடி சுருண்டு படுக்கிறது, அவளை விடச் சொல்லுங்கள் என்றாள். துரை போனில் பேசினார்.

விட்டார்கள். மாவு திரும்பி வரவில்லை. லெப்டினன் நேரில் வந்து உத்தரவு சொன்னான்: தானியம் தோட்டத்து ஸ்டோரில் பூட்டில் இருக்கும்; அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் கிடைக்கும்; பல நாள் கெடாமல் நின்று தாங்குகிற எதுவும் கேட்டைத் தாண்டாது. தாங்குகிற கஞ்சி கிடையாது, மினுக்கைக் கொடு.

மெலிந்திருந்தாள். ஆனால் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டுப்போகிற மாதிரி ஒன்றைச் செய்து காட்டினால் விடுவானா என்று கேட்கச் சொன்னாள். தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சி மத்தியானத்தைத் தாண்டாது, எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கட்டும். தாங்குகிற மாவைப் பற்றி அவ்வளவு பெருமைப்பட்டவள், தன் கைச்சமையல் அழுகும் என்று சத்தியம் செய்தாள். அவனுக்கும் அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். சரி, ஒரு நாள் பார்க்கலாம் என்றான்.

விடியற்காலையில் காவல் கூண்டில் ஒரு தம்ளர் கஞ்சி, மேலே ஒரு தட்டு. மாலையில் லெப்டினன் வந்து பார்ப்பான். கெட்டிருந்தால் கஞ்சி. கெடாவிட்டால் மினுக்கு.

அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஜெராயையே காணோம். ஈர மேகம் இறங்கி லயத்துக் கூரையில் உட்கார்ந்துகொண்டது. காற்றில் அப்படி ஒரு குளிர். உணவு கெட்டுப்போகட்டும் என்று வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் நான் வேண்டியிருக்கிறேன். எந்தச் சாமியிடம் இப்படி வேண்டுவது என்றுகூடத் தெரியாமல் வேண்டினேன். கொட்டகையிலிருந்து தலையில் வாழையிலையைப் போட்டுக்கொண்டு அவள் ஓடி வருவாள், தட்டைத் தூக்கி முகர்வாள், தட்டை மறுபடி மூடிவிட்டுத் திரும்புவாள். தம்ளரைத் தன் கரி அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கவா என்று ஹமிட்டே கேட்டான். அவனுக்கும் மூன்று பிள்ளைகள். நான் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சை வைத்திருந்தேன். ஒரு சொட்டு போதும், திரிந்துவிடும்.

அவள் இரண்டையும் பார்த்தாள். அடுப்பையும் என் பையையும்.

"கெட்டா அதுவா கெடட்டும்" என்றாள்.

மாலையில் மழைக்கோட்டோடு லெப்டினன் வந்தான். தட்டை எடுத்தான். முகர்ந்தான். அவனுக்குப் புரியவில்லை. மாவு வாசனையும் கருவாட்டு வாசனையும் அவனுக்கு முதலிலிருந்தே கெட்ட வாசனைதான். தம்ளரை அவளிடமே நீட்டினான். கெட்டுவிட்டதா என்று கேள் என்றான்.

ஒரு சொல். கெட்டுவிட்டது. கேட்டில் நின்றிருந்த எல்லோரும், வேலை முடிந்து திரும்பி மழையில் நனைந்து நின்ற தாய்மாரும், அந்த ஒரு சொல்லுக்காக அவள் வாயைப் பார்த்தோம். அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினாள். கண்ணை மூடி நாக்கில் வைத்திருந்தாள்.

"பிள்ளைக்குக் குடுக்கமாட்டேன்" என்றாள். "லேசா திரும்பிடுச்சு. பெரிய ஆளுங்க குடிக்கலாம்."

நான் மொழிபெயர்த்தேன். முழுசாக. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் காட்டில் இருக்கிற பெரிய ஆள் குடிப்பானா என்று கேட்டான்.

"பசிச்சவன் குடிப்பான் தம்பி. நானும் குடிப்பேன், அவரும் குடிப்பாரு."

லெப்டினன் தம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்தான். வெள்ளையாய் ஒரு கோடு ஓடி மழைத்தண்ணீரில் கலைந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அவன் ஜீப்பை நோக்கித் திரும்பினான். அவள் கேட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கம்பு அவள் பக்கம் கொஞ்சம் வளைந்த மாதிரி இருந்தது.

"கேளு தம்பி. சட்டியில போனாத்தானே குத்தம்? பிள்ளைங்க இங்கேயே, வேலிக்கு உள்ளேயே குடிச்சிட்டுப் போகட்டும். இல்ல, வயித்துல இருக்கறதையும் இறக்கி வெச்சிட்டுத்தான் போகணுமான்னு கேளு."

கேட்டேன். கடைசி வரியையும் கேட்டேன். லெப்டினன் நின்றான். அவளைப் பார்த்தான். முதல் தடவையாக அவள் அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மழைக்கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பெண்கள் வெளியே போகுமுன் குடித்து முடிக்க வேண்டும், சட்டி உள்ளேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவள் எத்தனை காலம் அங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அலோர் ஸ்டாருக்கு மாற்றலாகிப் போனேன். அங்கிருந்து வேறெங்கோ, பிறகு இன்னும் எங்கெங்கோ. ஓர் இடத்தில் தங்கத் தெரியாத ஆள் நான். எழுதத் தொடங்கியபின், அழகுக்காக ஒரு சொல்லைக் கூட்டப் போகிற நேரத்தில், யாரோ என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பேனா நின்றுவிடும்.

ஆனால் மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும். இன்னும் இருட்டு. கூண்டு விளக்கின் கீழே, வேலிக்கு உள்பக்கம், அவள் சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆவி எழும்புகிறது. நேற்றைய மழையில் மண்ணெல்லாம் ஈரம். பால்வாளியும் உளியும் ஏந்திய தாய்மார் இடுப்பில் பிள்ளைகளோடு வரிசையில். பாதித் தூக்கத்தில் ஒரு பிள்ளை தம்ளரைக் கடிக்கிறது. ஒன்று குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. அஞ்சலையின் மகன், முன்பல் இல்லாதவன், இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறான். மேலுதட்டில் வெள்ளை மீசை. மிச்சத்தை அவள் தானே வழித்துக் குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். ஹமிட் ஒவ்வொரு பெண்ணின் கூடையையும் பார்க்கிறான், வாளியைத் தட்டுகிறான், மடியைக் காட்டச் சொல்கிறான். ஒரு மணி சோறு இல்லை. ஒரு பிடி மாவு இல்லை. பிள்ளைகளின் கைகள் காலி. சட்டப்படி எல்லாம் சரி. கம்பைத் தூக்கி விடுகிறான்.

அவன் முன்னாலேயே கஞ்சி வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, தாய்மாரின் இடுப்பில், தூக்கக் கலக்கத்தில், ஏப்பம் விட்டுக்கொண்டு.